தட்டான்களோடு வந்தவை

பதிவு 1
2061 நவம்பர் 14, காலை 6.40
தென்முனைக் கடல் காற்றாலை, கண்காணிப்பு மேடை
காற்று வடகிழக்கு, மிதம். கடல் அமைதி. பார்வை நன்று.

கடற்பறவைகளான கருமுதுகு ஆலாக்கள் மேற்கு நோக்கிச் சிறு சிறு கூட்டமாகப் போகின்றன. கொண்டை ஆலா சில. ஸ்குவா என்னும் கொள்ளைக்காரக் கடற்பறவை ஒன்று, வழக்கம்போல ஓர் ஆலாவை விரட்டி விரட்டி, அது விழுங்கிய மீனைக் கக்கவைத்து, அதைத் தின்றுவிட்டுப் போனது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் சென்னை அலுவலகம் நினைவுக்கு வரும்.

அலுவலகப் பதிவில் நான் எழுதுவதை இப்போது யாரோ திருத்துகிறார்கள். போன வாரம் நான் எழுதிய 'கவலைக்குரியது' என்ற சொல்லைக் காணவில்லை. ஆகவே இன்று முதல் எனக்கென்று தனிப் பதிவு. கண்டெடுப்பவர் யாரானாலும் படிக்கலாம். உங்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

என் பெயர் சண்முகவடிவு. பறவை ஆய்வாளர். சொந்த ஊர் திருநெல்வேலி. கன்னியாகுமரிக்குத் தெற்கே, கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், நூற்றுப் பத்துக் காற்றாடிகளுக்கு நடுவே ஓர் இரும்பு மேடையில் தனியாக இருக்கிறேன். ஒவ்வொரு காற்றாடியும் ஒரு கோயில் கோபுரத்தைப்போல மூன்று மடங்கு உயரம். வலசை போகும் பறவைகள் கூட்டமாக வந்தால் என் மேசைமேல் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்துவேன். காற்றாடிகள் நிற்கும். பறவைகள் கடந்ததும் ஓடும். இந்த மேடையில் எந்நேரமும் ஒரு பறவை ஆய்வாளர் இருக்கவேண்டும் என்பது அரசு அனுமதியில் உள்ள நிபந்தனை. கம்பெனிக்கு நான் சம்பளம் வாங்கும் நிபந்தனை, அவ்வளவுதான்.

காலையில் கிளீட்டஸ் வயர்லெஸ்ஸில் வந்தார். குளச்சல்காரர், சொந்த வள்ளம், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் டீச்சர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

"டீச்சரே, இண்ணைக்கு ஆலா எங்க நிக்கு?"

தென்மேற்கே, எல்லை மிதவையைத் தாண்டி, என்றேன். ஆலாக்கள் கூட்டமாக இறங்கும் இடத்தில் அடியில் சூரை மீன் இருக்கும். என்னிடம் தொலைநோக்கி இருக்கிறது, அவரிடம் வலை இருக்கிறது. பதிலுக்கு வாரம் ஒருமுறை மேடைக்கு அடியில் ஒரு கூடை மீன் வரும். கூடவே இந்தக் காற்றாடிகள் அவர்களுடைய பழைய மீன்பிடிப் பாரின்மேல், மீன் கூடும் கடலடிப் பாறைமேல், நிற்பதைப் பற்றி அரைமணி நேர ஏச்சும் வரும். இரண்டையும் வாங்கிக்கொள்கிறேன்.

பதிவு 2
நவம்பர் 15, பகல் 11.15
காற்று வடகிழக்கு, கூடுகிறது. கடல் மிதம்.

சென்னைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து செய்தி. ஹரிநாத், துணை மேலாளர். எதையும் புன்னகையோடு சொல்லக்கூடியவர். தலையில் கல்லைப் போடும்போதுகூட.

"மேடம், இன்னையிலேர்ந்து ஸ்டாப் கமாண்ட் காவலன்கிட்ட போகுது. நீங்க ரெக்வெஸ்ட் போடலாம். காவலன் கன்ஃபர்ம் பண்ணா காத்தாடி நிக்கும். உங்களுக்கு வேலை குறையும் மேடம், ஹேப்பியா இருங்க."

காவலன் என்பது ரேடாரில் பறவைகளைக் கண்டுபிடிக்கும் புது இயந்திரம். பேரில் ஒரு குறைச்சலும் இல்லை. சிவப்புப் பொத்தான் இப்போதும் என் மேசைமேல்தான் இருக்கிறது. அழுத்தினேன். 'கோரிக்கை பெறப்பட்டது. பறவை இல்லை. நிராகரிக்கப்பட்டது' என்று திரையில் வந்தது. பறவை இல்லைதான், சோதனைக்காக அழுத்தினேன்.  பத்து வருடமாக அந்தப் பொத்தானை நான் வீணாக ஒருமுறைகூட அழுத்தியதில்லை. அதற்குக் கிடைத்த மரியாதை இது.

பதிவு 3
நவம்பர் 16, காலை 8.05
காற்று வடகிழக்கு, நல்ல வேகம். வடக்கே தாழ்ந்த மேகம்.

தட்டான்கள் வந்துவிட்டன.

ஒவ்வொரு ஆண்டும் இந்த மாதத்தில் வாடைக்காற்றோடு வரும். நம் ஊர்க் குளத்தங்கரையில் பறக்கிற அதே பொன்னிறத் தட்டான்கள். இந்தக் கடல் முழுவதையும் தாண்டி ஆப்பிரிக்கா போகின்றன. மேடைக் கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. என் தேநீர்க் குவளையின் விளிம்பில்கூட ஒன்று.

போன ஆண்டு ஒரு பெரிய தட்டான் மேகம் சோதனை ஓட்டத்தில் இருந்த காவலனின் ரேடாரில் பறவைக் கூட்டமாகத் தெரிந்து, நான் பொத்தானை அழுத்தாமலே காற்றாடிகள் ஒரு பிற்பகல் முழுவதும் நின்றன. மின்சாரம் தராததற்காகக் கம்பெனி அபராதம் கட்டியது. அந்தக் கோபத்தில் காவலனுக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தட்டான் மேகம் தெரிந்தால் அதை அப்படியே எடுத்துக் குப்பையில் போடு, உள்ளே இருப்பதையும் சேர்த்து.

உள்ளே என்ன இருக்கும் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். அமூர் வல்லூறு. புறாவைவிடச் சிறிய வேட்டைப் பறவை, செங்கால்கள். சைபீரியாவில் பிறந்து, நாகாலாந்தில் தங்கி, இந்தியாவைக் குறுக்காகக் கடந்து, இந்தக் கடலை ஒரே மூச்சில் தாண்டி ஆப்பிரிக்கா போகிறது. நடுக்கடலில் உட்காரக் கிளை கிடையாது, தின்ன எலி கிடையாது. அதனால் தட்டான் கூட்டத்தோடு சேர்ந்து பறக்கும். பறந்தபடியே காலால் பிடிக்கும், பறந்தபடியே தின்னும். தட்டான் மேகம்தான் அதற்குக் கட்டுச்சோறு.

காலை ஏழரைக்கு மேகத்துக்குள் ஒரு வல்லூறைப் பார்த்தேன். தெளிவாக. காவலனின் திரையைப் பார்த்தேன். 'பூச்சிக் கூட்டம். நீக்கப்பட்டது.'

உடனே ஹரிநாத்துக்கு எழுதினேன். பொறுமையாக, படம் போட்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல எழுதினேன். பதில் வந்தது.

"மேடம், அது இன்செக்ட் மேடம். டெஸ்டிங்ல நைன்ட்டி நைன் பர்சென்ட் கரெக்ட்டா வந்திருக்கு."

எந்த மாதத்தில் சோதித்தீர்கள் என்று கேட்டேன். ஜூனில் என்றார். ஜூனில் இந்தக் கடலில் ஒரு வல்லூறு கிடையாது. மாம்பழம் இல்லாத மாதத்தில் தோப்புக்குப் போய், மரத்தில் ஒன்றுமில்லை என்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

பதிவு 4
நவம்பர் 17, மாலை 4.30
காற்று அதே. மேகம் இறங்குகிறது.

நாகாலாந்து நண்பர்கள் சில வல்லூறுகளின் முதுகில் சிறிய கருவி கட்டி அனுப்பியிருக்கிறார்கள். கருவிகள் இன்று எல்லாம் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. உவரிக்கு மேற்கே, பனங்காடு. அங்கே இறங்கி இளைப்பாறுகின்றன. கரையிலிருந்து படம் அனுப்பச் சொன்னேன். ஒவ்வொரு பனை ஓலையும் பறவைகளால் தொங்குகிறது. எண்பதாயிரத்துக்குக் குறையாது.

இருபது ஆண்டுக்கு முன் இவை கொங்கணக் கரையிலிருந்து கடலுக்குள் இறங்கும். மழை தடம் மாறியபின் இந்த முனைக்கு வரப் பழகிக்கொண்டன. உலகத்தில் மிச்சமிருக்கும் அமூர் வல்லூறுகளில் ஏறக்குறையப் பாதி அந்தப் பனங்காட்டில் இருக்கிறது. காற்று இன்னும் கொஞ்சம் ஏறினால் கிளம்பும். மேகம் தாழ்ந்திருப்பதால் உயரப் பறக்காது. காற்றாடியின் இறக்கை உயரத்திலேயே வரும்.

இதையும் எழுதினேன். அரசு அலுவலகத்துக்கும் எழுதினேன். அங்கிருந்து உடனே பதில் வந்தது. 'தங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம். விடுமுறை முடிந்து பதிலளிக்கப்படும்.'

பதிவு 5
நவம்பர் 18, காலை 9.50
காற்று வடகிழக்கு, வலு. தூறல்.

முன்னோடிக் கூட்டம் ஒன்று விடிந்ததும் வந்தது. முந்நூறு இருக்கலாம். பெரிய கூட்டத்துக்கு முன்னால் எப்போதும் சில அவசரக்காரர்கள் வருவார்கள். தட்டான்களுக்கு நடுவே, தாழ. பொத்தானை அழுத்தினேன். நிராகரிக்கப்பட்டது. அழுத்தினேன். நிராகரிக்கப்பட்டது. காற்றாடிகளின் மூன்றாம் வரிசைக்குள் அவை நுழைவதைத் தொலைநோக்கியில் பார்த்தேன்.

சத்தம் எதுவும் கேட்காது. அதுதான் கொடுமை. இறக்கை சுற்றும் ஓசை மட்டும் மாறாமல் கேட்டுக்கொண்டிருக்கும். பறந்துகொண்டிருந்தது பறக்காமல் போகும்.

மேடைமேல் விழுந்தவற்றைப் பொறுக்கினேன். ஒன்று இடுப்போடு இரண்டாக வெட்டுப்பட்டிருந்தது. ஒன்றின் அலகில் தட்டானின் பாதி உடல் இன்னும் இருந்தது. தின்றுகொண்டிருக்கும்போதே அடிபட்டிருக்கிறது. எல்லாவற்றையும் படமெடுத்து அனுப்பினேன். ஹரிநாத் இந்த முறை புன்னகைக்கவில்லை, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"மேடம், டயர்டாகி விழுந்திருக்கலாம் இல்லையா? போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் இல்லாம நாம எதுவும் சொல்லக்கூடாது. இந்த போட்டோவை வெளியில யாருக்கும் அனுப்பாதீங்க."

இரண்டாக வெட்டுப்பட்ட பறவை களைப்பால் செத்துப்போனதாம். நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். என் அம்மா கேட்டிருந்தால் வாயில் மிளகாய்ப்பொடி வைத்திருப்பார். ஹரிநாத் இணைப்பைத் துண்டித்தார். பத்து நிமிடத்தில் வெளி உலகத்துக்கான இணைய இணைப்பும் போனது. பராமரிப்பு வேலையாம். கம்பெனிக்குள் பேசும் இணைப்பும் வயர்லெஸ்ஸும் மட்டும் மிச்சம், வயர்லெஸ் கடல் சட்டப்படி யாரும் நிறுத்த முடியாதது.

இன்றைய அதிகாரபூர்வப் பதிவைப் பார்த்தேன். பறவை: இல்லை. பூச்சி: மிதம். ரத்தம் கொதிக்கிறது. பறவைகளின் ரத்தத்தைக் கழுவிய வாளி இன்னும் என் காலடியில் இருக்கிறது.

பதிவு 6
நவம்பர் 18, மாலை 5.40

நாளை பெரிய கூட்டம் கிளம்பும். காற்று சொல்கிறது.

காற்றாடிக் கோபுரங்களின் கதவு பூட்டியிருக்கிறது, திறவுகோல் சென்னையில். மின்சாரத்தைத் துண்டிக்க எனக்கு வழி தெரியாது. ஒன்றே ஒன்றுதான் மிச்சம்.

மேடையில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் ஒரு மிதவைச் சட்டை உண்டு. அதன் தோளில் சிறு கருவி. உப்புத்தண்ணீர் பட்டதும் அது அபாய ஒலி அனுப்பும். உடனே நூற்றுப் பத்துக் காற்றாடியும் நிற்கும். கம்பெனியின் கருணை இல்லை, சட்டம். மீட்பு விமானம் ஆளில்லாமல் தாழப் பறந்து வரும். இறக்கை சுற்றினால் அதுவும் வெட்டுப்படும். விழுந்த ஆள் தண்ணீரைவிட்டு வெளியே வரும்வரை எதுவும் சுற்றக்கூடாது. மனிதருக்காக நிற்கும் இயந்திரம் இது. காவலனை யாரும் கேட்கத் தேவையில்லை.

கரையிலிருந்து விமானம் வர முக்கால் மணிநேரத்துக்கு மேல் ஆகும். கூட்டம் கடக்கவும் ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகும். நான் நன்றாக நீந்துவேன், தாமிரபரணி வெள்ளத்தில் பழகியவள். பயம் இருக்கிறது. கோபம் அதைவிடப் பெரிதாக இருப்பதால் பரவாயில்லை.

கிளீட்டஸை அழைத்துச் சொன்னேன். முதலில் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று கேட்டார். அப்புறம் அவருக்கே கோபம் வந்தது.

"அஞ்சு வருசம் நாங்க மறியல் பண்ணினோம் டீச்சரே. கோட்டாறு ஆஸ்பத்திரில ரெண்டு பேரு காலு ஒடிஞ்சு கெடந்தான். அப்ப நிக்காத காத்தாடி இப்ப குருவிக்கு நிக்கணுமா?"

 அவர் சொன்னது நியாயம். மறியல் நடந்தபோது நான் இந்த மேடையில் உட்கார்ந்து ஆலாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியும். நான் அவரிடம் உதவி கேட்கவில்லை. ஒன்றை மட்டும் கேட்டேன். நாளை வயர்லெஸ்ஸில் என்ன காதில் விழுந்தாலும் வரவேண்டாம், எல்லை மிதவைக்கு வெளியே நில்லுங்கள், நான் அழைத்தபின் வாருங்கள். எல்லைக்குள் வந்தால் வள்ளத்தின் உரிமம் போய்விடும், அதையும் நினைவுபடுத்தினேன். சரி என்று சொல்லாமலே வயர்லெஸ்ஸை வைத்துவிட்டார்.

பதிவு 7
நவம்பர் 19, காலை 10.25
காற்று வடகிழக்கு, வலு. மேகம் மிகத் தாழ்வு. பார்வை சுமார்.

தட்டான் மேகம் வடக்கிலிருந்து வருகிறது. மேடையின் கண்ணாடியெல்லாம் தட்டான். தொலைநோக்கியை நாலு தடவை துடைத்தேன்.

அதற்குள் வல்லூறுகள். முதலில் புள்ளி புள்ளியாக. இப்போது வடவானம் முழுவதும். எண்ணவில்லை. எண்ணுகிற நிலையில் இல்லை.

பொத்தான். நிராகரிக்கப்பட்டது. பொத்தான். நிராகரிக்கப்பட்டது. திரையில்: 'பூச்சிக் கூட்டம். மிக அதிகம். நீக்கப்பட்டது.'

ஹரிநாத்தை அழைத்தேன். கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன். மேடைக் கேமராவைத் திருப்பி வடக்கே காட்டுங்கள், உங்கள் கண்ணாலேயே பாருங்கள் என்றேன். பார்த்தார். பார்த்தார் என்று எனக்குத் தெரியும், மூச்சு நின்றது கேட்டது. அப்புறம் சொன்னார்.

"மேடம், எனக்கு பர்சனலா கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா சிஸ்டம் இல்லைங்குது. நான் ஓவர்ரைடு பண்ணா என் வேலை போயிடும்."

அவர் பார்த்தார். இதைப் படிப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். தெரியாமல் நடந்தது என்று பின்னால் சொல்வார்கள். தெரிந்துதான் நடந்தது.

சட்டை மாட்டிவிட்டேன். சட்டையில் குரல்பதிவு இருக்கிறது. இனி அதில்.

பதிவு 8
குரல், காலை 10.41

தண்ணீரில் இருக்கிறேன். ஏணியில் கடைசிப்படியில் பாசி, வழுக்கி விழுந்தேன், முழங்கை கிழிந்தது. எரிகிறது. கருவி விட்டு விட்டுக் கூவுகிறது, காதுக்குப் பக்கத்திலேயே.

பார்க்கிறேன். மூன்றாம் வரிசை. வேகம் குறைகிறது. குறைகிறது.

நின்றது.

எல்லாம் நின்றது. பத்து வருடத்தில் தண்ணீருக்குள்ளிருந்து இந்தக் கடலின் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. கூவல் ஓயும் இடைவெளியில் அலை மட்டும். காற்று மட்டும்.

பதிவு 9
குரல், காலை 10.52

என் தலைக்குமேலே போகின்றன.

கிக்கிக்கி என்று ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டு போகின்றன. தட்டான் இறக்கைகளின் சரசரப்புக்கூடக் கேட்கிறது. ஒரு பெண் பறவை, நெஞ்சில் புள்ளி புள்ளியாக, எனக்கு நேர்மேலே ஒரு தட்டானைக் காலால் பிடித்து, குனிந்து, தின்றது. நின்றுபோன இறக்கையின் ஓரமாகச் சாய்ந்து போகின்றன, மரத்தைச் சுற்றிப் போவதைப்போல. ஒன்றுகூட இடிக்கவில்லை. நின்றிருந்தால் போதும். அவற்றுக்கு வேறெதுவும் வேண்டாம்.

அழுகிறேன். உப்புத்தண்ணீரில் அழுதால் யாருக்குத் தெரியும்.

ஹரிநாத் சட்டைக் கருவி வழியாகப் பேசினார். பதறுகிறார். விமானம் கிளம்பிவிட்டதாம். நிதானமாக வரட்டும் என்றேன்.

பதிவு 10
குரல், காலை 11.07

நீரோட்டம் இழுக்கிறது. காற்றாடிக் கால் பக்கமாக. அதில் முழுக்கக் கூரான சிப்பி. காலால் உதைத்து உதைத்து விலகுகிறேன். இடது கை சரியாக வேலை செய்யவில்லை.

பாதிக்கூட்டம் போய்விட்டது. பாதிக்குமேல்கூட இருக்கலாம். வடக்கே இன்னும் கறுப்பாக இருக்கிறது. இன்னும் அரைமணி. அரைமணி போதும்.

என்ன அது. இன்ஜின் சத்தம்.

வேண்டாம். வேண்டாம் என்று சொன்னேனே. சட்டை வயர்லெஸ்ஸில் கத்துகிறேன். கிளீட்டஸ், எல்லைக்கு வெளியே போங்கள். வராதீர்கள். நான் அழைக்கவில்லை.

"ஏசணும்ணா ஏசுங்க. ஆளு தண்ணில கெடக்கத கண்ணால கண்டுட்டு எங்களக்கொண்டு நிக்க ஏலாது."

பதிவு 11
குரல், காலை 11.19

வந்துவிட்டார். வள்ளம் பக்கத்தில் நிற்கிறது. அவரும் இரண்டு பேரும்.

இவர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க யாராலும் முடியாது என்று எனக்கு முன்பே தெரிந்திருக்கவேண்டும். இந்தக் கரையில் ஓர் ஆள் கடலில் கிடந்தால் எந்த வள்ளமும் வேறு வேலை பார்க்காது. பகையாளியானாலும் சரி. வலையில் மீன் நிறைந்திருந்தாலும் சரி. வலையை இழுக்க நேரம் ஆகும் என்று அறுத்துவிட்டு வந்திருக்கிறார். புது வலை. அடியில் போய்க் கிடக்கிறது.

ஏசினேன். உள்ள கோபத்தையெல்லாம் அவர்மேல் கொட்டினேன், ஹரிநாத்துக்குச் சேரவேண்டியதையும் சேர்த்து. அவர் கையை நீட்டிக்கொண்டே நின்றார். வள்ளத்தின் கயிற்றை மட்டும் பிடித்துக்கொள்கிறேன், மேலே ஏறமாட்டேன், ஏறினால் காற்றாடி சுற்றும் என்றேன். அப்போதுதான் அவர் அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் தொப்பிமேல் தட்டான்கள்.

"இம்புட்டும் குருவியா டீச்சரே?"

ஆமாம் என்றேன். அவர் கையை இழுத்துக்கொண்டார். கயிற்றை என் மார்புக்குக் கீழே கட்டிவிடச் சொன்னார் ஒருவனிடம். ஏறவேண்டாம், கட்டிக்கொண்டு இருங்கள், நாங்கள் பிடித்துக்கொள்கிறோம் என்றார்.

பதிவு 12
குரல், காலை 11.28

மீட்பு விமானம், அந்த ட்ரோன், தூரத்தில் தெரிகிறது. ஹரிநாத் பேசுகிறார்.

"மேடம், ட்ரோன் பிக்சர் பார்க்கிறோம். போட் உங்க பக்கத்துல வந்துடுச்சு. ரெஸ்க்யூ கம்ப்ளீட்டட்னு க்ளோஸ் பண்றோம். ப்ளீஸ் போட்ல ஏறிடுங்க."

நான் ஏறவில்லை. படத்திலேயே தெரியும், நான் தண்ணீரில் இருக்கிறேன். கருவி கூவுகிறது, கேட்கிறதா என்றேன். கிளீட்டஸ் வள்ளத்தின் வயர்லெஸ்ஸை எடுத்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை, இப்போதும் உயரவில்லை.

"சாரே, நான் குளச்சல் கிளீட்டஸு. ஆள நாங்க எடுக்கேல்ல. தண்ணிலதான் கெடக்காவ. நான் சாட்சி."

வயர்லெஸ்ஸில் காற்று இரைச்சல் மட்டும்.

நிமிடத்துக்கு எவ்வளவு பணம் போகிறது அவர்களுக்கு. அதைத்தான் கணக்குப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள், நான் விழுந்த நொடியிலிருந்து.

பதிவு 13
காலை 11.34
மையக் கட்டுப்பாட்டிலிருந்து சட்டைக்கு வந்த அறிவிப்பு

பறவை: இல்லை.
பூச்சிக் கூட்டம்: மிக அதிகம். நீக்கப்பட்டது.
கடலில் விழுந்த பணியாளர்: மீட்கப்பட்டார்.
அபாய ஒலி: கருவிப் பழுது. புறக்கணிக்கப்பட்டது.
மீட்பு விமானம்: திருப்பி அழைக்கப்பட்டது.
காற்றாடிகள்: சுழற்சி தொடக்கம்.

பதிவு 14
குரல், காலை 11.36

சங்கு ஊதுகிறது. சுற்றுவதற்கு முன் ஊதும் சங்கு.

முதல் வரிசை. அசைகிறது. வடக்கே இன்னும் வருகின்றன, நான் கணித்ததைவிடப் பெரிய கூட்டம், மூன்றில் ஒரு பங்கு பாக்கி, நேராக, இதுவரை போனவை போன அதே வழியில். நின்றிருக்கிறது என்று நம்பி வருகின்றன.

கிளீட்டஸ் வெள்ளைத் துணியைக் கட்டி ஆட்டுகிறார், திரும்பிப் போகும் ட்ரோனைப் பார்த்து. ஒருவன் தகரத்தைத் தட்டுகிறான். பறவைகளுக்குக் கேட்குமா.

வேகம் எடுக்கிறது.

ஹரிநாத், கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கேளுங்கள். நன்றாகக் கேளுங்கள். இது பூச்சி விழும் சத்தமா.

ஒன்று. அங்கே ஒன்று. இங்கே, பக்கத்தில். ஐயோ. உயிர் இருக்கிறது இதற்கு. பிடித்துவிட்டேன். கையில் துடிக்கிறது.

கிளீட்டஸ், இந்தச் சட்டையை அவர்களிடம் கொடுக்காதீர்கள். அவர்களிடம் மட்டும் கொடுக்காதீர்கள். வேறு யாரிடமானாலும்...

கை நீட்டுகிறார். அவர் கண்ணெல்லாம் சிவந்திருக்கிறது. ஏறுங்க டீச்சரே, போதும், இனி என்னத்துக்கு என்கிறார். பறவையை அவர் கையில் கொடுத்தேன். நான் ஏறமாட்டேன். ஏறினால் அவர்கள் எழுதிய பொய் உண்மையாகிவிடும்.

இதைக் கேட்பவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். நேரம் பதினொன்று நாற்பது. என் பெயர் சண்முகவடிவு. விழுகின்றன, இன்னும் விழுகின்றன. பறவைகள். பறவைகள். என்னை யாரும் மீட்கவில்லை. நான் இன்னும் தண்ணீரில்தான் இருக்கிறேன்.